ஒரு முழத்துக்குக் கீழே போகாமல்

பாறை உள்ள ஊருக்கு லாரி வரும்,
ராத்திரியெல்லாம் புழுதி கக்கும், காலையில் போய்விடும்.
சுருட்டப்பள்ளிப் பக்கம் அப்படி இல்லை.
ஆரணியாறு எப்போதோ புரண்டு படுத்த இடம் எங்கள் மனை.
மூன்று இரும்புக் கால், ஒரு கப்பி, கயிறு, நாலு ஆள்.
பெஞ்சலய்யா தெலுங்கில் எண்ணுவார்,
நான் தமிழில் எழுதுவேன்,
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்:

பத்தடி, வண்டல்.
பதினெட்டு, மாவு மணல், பிடித்தால் நிற்காது.
முப்பத்தொன்று, கூழாங்கல், புறா முட்டை அளவு.
முப்பத்தாறில் ஒரு சிப்பி.
அதை எழுதவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கல்லில் துளைத்தால் துளை துளையாகவே இருக்கும்.
மணல் உடனே மறந்துவிடும்.
சாணியும் களியும் கரைத்து ஊற்றிக்கொண்டே இருக்கணும்,
தண்ணிதான் இங்கே சுவரு, என்றார் பெஞ்சலய்யா.
எங்களிடம் இருந்தது ஒரு டிரம்.
பத்தடி தாண்டவில்லை.

மோட்டார் இருப்பது ரமணம்மா வீட்டில்.
அவளுக்கும் எங்களுக்கும் நடுவே
ஒன்றரை அடிச் சந்து, ஒரு சர்வேக் கல்,
தாசில்தார் ஆபீசில் தூங்கும் ஒரு மனு.
நான் கேட்கவில்லை.
பெஞ்சலய்யாதான் வேலியோரம் நின்று
‘அக்கா, நீள்ளு’ என்றார்.
பச்சை ஹோஸ் ஒன்று படலுக்கு மேலே வந்து விழுந்தது.
போட்ட கை தெரியவில்லை.

ஐம்பத்திரண்டில் பருமணலும் பொடிக்கல்லும்.
ஒரு பிடியை வாயில் போட்டு மென்று துப்பினார்:
உப்பில்லை. சாலு.
ஆனால் பில்டர் பைப் ஊத்துக்கோட்டையிலிருந்து வரவில்லை,
கடையைச் சாத்திவிட்டானாம்.
விடியும்வரை குழி சும்மா கிடக்கணும்.
சும்மா என்றால் நிறைந்து.
ஒரு முழத்துக்குக் கீழே இறங்கவிட்டால்
மூணு நாள் வேலை உள்ளேயே உட்கார்ந்துவிடும்,
சொல்லிவிட்டு அவர் சாய்ந்த இடத்தில்
மற்ற மூன்று பேர் ஏற்கெனவே தூங்கியிருந்தார்கள்.
தணிகாசலத்துக்கு ஸ்ரீசிட்டியில் நைட் ஷிப்ட்.
நான், டார்ச்,
நுனியில் நட்டு கட்டிய ஒரு நூல்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஹோஸ் இருமி அடங்கியது.
குழி குடிப்பது கேட்டது. நிஜமாகவே கேட்டது,
எருமை தொட்டியில் வாய் வைத்தாற்போல.
நூலை விட்டுப் பார்த்தேன். அரை முழம்.
கத்தலாமா, யாரை எழுப்ப, எந்த மொழியில்.

படல் கிறீச்சிட்டது.
இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக
மேல்தொட்டியில் பிடித்த குடங்களோடு ரமணம்மா.
என் முகத்தைப் பார்க்காமல் குழிக்குள் கவிழ்த்தாள்.
ஒகட்டி, ரெண்டு, மூடு.
எண்ணியது எனக்காகவா கணக்குக்காகவா தெரியாது.
முப்பத்தேழுக்குமேல் அவளும் விட்டுவிட்டாள்.
சர்வேக் கல் மட்டும் இருட்டில்
பாரபட்சமில்லாமல் இருவர் காலையும் இடித்தது.

காலையில் பைப் வந்து இறங்கியது.
சுற்றிலும் சலித்த கல்லைக் கொட்டினார்கள்,
கம்ப்ரஸர் வைத்தார்கள்.
முதலில் சாணி நாற்றம். அப்புறம் காபி நிறம்.
அப்புறம் நீராகாரம்.
கரண்ட் வந்திருந்தது. காலித் தொட்டிக்கு
ரமணம்மாவின் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது.
மோட்டார்க் குழாயடியில் அரிசி களைந்தவளுக்கு
முதலில் காற்று வந்தது,
பிறகு கலங்கல்.

பாத்திரத்தைப் பார்த்தாள்.
எங்கள் பைப் பீய்ச்சுவதைப் பார்த்தாள்.
ஏதோ சொன்னாள், கம்ப்ரஸர் இரைச்சலில் வாய் மட்டும் அசைந்தது.
இரண்டு மொழியிலும் படித்துப் பார்த்தேன்,
பிடிபடவில்லை.
நிறுத்துங்க, என்று கை காட்டினேன்.
பெஞ்சலய்யா ஒரு கை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
இன்னும் தெளியலையே அம்மா,
என்றார்.